ஓரியல் சேம்பர்ஸை விட்டுவிட்டீர்களே!

அன்புள்ள ஆசிரியருக்கு,

கண்ணாடிக் கட்டடங்களைப் பற்றிய உங்கள் கட்டுரை 1880-களின் சிகாகோவிலிருந்து கதையைத் தொடங்கியிருந்தது. ஆர்வத்தோடு படித்தேன். ஆனால் லிவர்பூல் நகரின் வாட்டர் தெருவைப் பற்றி ஒரு வரிகூட இல்லாதது எனக்குப் பெரிய மனக்குறை. விக்டோரியா மகாராணியின் காலத்தில், 1864-லேயே, கட்டடக் கலைஞர் பீட்டர் எல்லிஸ் அங்கே ‘ஓரியல் சேம்பர்ஸ்’ என்ற அலுவலகக் கட்டடத்தை எழுப்பிவிட்டார்.

மகள் அந்த ஊரில் வேலை பார்ப்பதால் சென்ற ஆண்டு இரண்டு மாதம் அங்கே தங்கியிருந்தேன். நகர மன்றத்திலிருந்து மெர்சி ஆற்றை நோக்கி இறங்கும் தெருவில் இருக்கிறது இந்தக் கட்டடம். ஓரியல் என்றால் சுவரைவிட்டு வெளியே நீட்டியிருக்கும் சன்னல். முகப்பு முழுவதும் அவைதான், மாடிக்கு மாடி வரிசையாக. நடுவில் ஒல்லியான கல்தூண்கள். ஒவ்வொரு சன்னலுக்கும் மெல்லிய இரும்புச் சட்டம். எதிரே மட்டுமல்ல, பக்கவாட்டிலும் கண்ணாடி. நான் போனது மேகம் மூடிய ஒரு பிற்பகல். தெரு மங்கிக் கிடந்தது. அந்தப் பக்கவாட்டுக் கண்ணாடிகள் மட்டும் வானத்தில் இருந்த கொஞ்ச வெளிச்சத்தையும் பிடித்து வைத்திருந்தன. மின்விளக்கு வராத காலத்தில், நெருக்கமான தெருவில், குமாஸ்தா பேரேடு எழுத வெளிச்சம் வேண்டுமே! பகட்டுக்காக வைத்த கண்ணாடி அல்ல அது.

வாசலில் இருந்தவரிடம் கேட்டு, பின்முற்றத்தையும் பார்த்தேன். நாற்பது ஆண்டு கட்டுமானப் பொறியாளராக இருந்த எனக்கு உடம்பு சிலிர்த்துவிட்டது. வார்ப்பிரும்புத் தூண்கள் உள்ளே தள்ளி நிற்கின்றன. அவற்றுக்கு வெளியே, எந்தச் சுமையையும் தாங்காமல், கண்ணாடிச் சுவர் ஓடுகிறது. இன்றைக்கு நாம் திரைச்சுவர் என்று சொல்வது இதைத்தான்.

அந்தக் காலத்து ரசனைக்கு இது பிடிக்கவில்லை. 1866-இல் ‘தி பில்டர்’ என்ற கட்டடத்துறை இதழ், துருத்திய கண்ணாடிக் குமிழ்களின் குவியல் என்று ஏசியது. ஊரிலுள்ள வெறும் செங்கல் கிடங்கே இதைவிட மேல் என்றும் எழுதியது. எல்லிஸ் அதே ஆண்டில் குக் தெருவில் இன்னொரு அலுவலகக் கட்டடம் கட்டினார். அதன் பின்பக்கத்துச் சுழல் படிக்கட்டும் இரும்பும் கண்ணாடியும்தான். கட்டடக் கலைஞராக அவருக்கு அதற்குமேல் பெரிய பெயர் வாய்க்கவில்லை. இதை நினைத்தால் இன்றும் எனக்கு வலிக்கிறது.

உங்கள் சிகாகோவுக்கும் இதற்கும் ஒரு தொடர்பு உண்டு. அங்கே ‘ரூக்கரி’ கட்டடத்தை உருவாக்கிய இருவரில் ஒருவரான ஜான் ரூட், அமெரிக்க உள்நாட்டுப் போரின்போது சிறுவனாக லிவர்பூலுக்கு அனுப்பப்பட்டவர். ஓரியல் சேம்பர்ஸ் எழுந்த காலத்தில் அந்த ஊரில் படித்துக்கொண்டிருந்தார். அதை அவர் பார்த்திருக்கக்கூடும் என்று வரலாற்றாசிரியர்கள் கருதுகிறார்கள்.

இரண்டாம் உலகப் போரின் குண்டுவீச்சில் கட்டடத்தின் ஒரு பகுதி இடிந்தது. உள்ளே இருந்த இரும்புச் சட்டகம் அப்போது வெளியே தெரிந்தது. எல்லிஸ் செய்த வேலையின் அருமையும் மெல்ல விளங்கியது. இன்று பிரிட்டனின் முதல் தரப் பாதுகாப்புப் பட்டியலில் இருக்கிறது.

அடுத்த இதழில் ஒரு சிறு குறிப்பாவது வெளியிடுங்கள். படம் போடுவதானால் பின்முற்றத்தின் படத்தைப் போடுங்கள். முகப்பின் படம் எங்கு தேடினாலும் கிடைக்கும்.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற பொறியாளர் ஒருவர்,
மதுரை.