ஓசூர் விமான நிலையம்: புறப்படும் சத்தம் குறைந்துவிட்டது, இறங்கும் சத்தம்?

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம்.

ஓசூரில் 2,000 ஏக்கரில், ஆண்டுக்கு 3 கோடிப் பயணிகளைக் கையாளும் பன்னாட்டு விமான நிலையம் அமையும் என்று 2024 ஜூனில் முதல்வர் சட்டப்பேரவையில் அறிவித்தார். அது முதல் சத்தத்தைப் பற்றி இரண்டு பேச்சு அடிபடுகிறது. காது கிழியும் என்பது ஒன்று, புது எஞ்சின்களுக்குச் சத்தமே கிடையாது என்பது மற்றது. இரண்டுமே முழு உண்மை அல்ல.

ஜெட் எஞ்சின் பின்னால் பீய்ச்சும் காற்றின் வேகமே புறப்படும்போது கேட்கும் இரைச்சலுக்கு முதல் காரணம். அந்த ஒலியின் ஆற்றல் வேகத்தின் எட்டாம் அடுக்கில் ஏறும் என்று பிரிட்டன் கணிதவியலாளர் ஜேம்ஸ் லைட்ஹில் 1952-இல் கணக்கிட்டுக் காட்டினார். வேகம் பாதியானால் ஒலி ஆற்றல் 256-இல் ஒரு பங்காகிவிடும், அதாவது 24 டெசிபல் குறையும். எரிபொருள் மிச்சமாவதும் இதே வழியில்தான். விமானம் நொடிக்கு 250 மீட்டர் வேகத்தில் பறக்கையில் காற்று 500 மீட்டர் வேகத்தில் வெளியேறினால், அதற்குக் கொடுத்த ஆற்றலில் மூன்றில் இரண்டு பங்குதான் விமானத்தைத் தள்ள உதவும். வெளியேறும் வேகத்தை 350 மீட்டராகக் குறைத்தால் ஆறில் ஐந்து பங்கு உதவும். ஆகவே கொஞ்சம் காற்றை வேகமாகத் தள்ளுவதைவிட, நிறையக் காற்றை மெதுவாகத் தள்ளுவதே மேல். பழைய சிஎஃப்எம்-56 எஞ்சின், மையத்துக்குள் எரியப்போகும் ஒரு பங்கு காற்றுக்குச் சுமார் 6 பங்கை வெளிவழியே தள்ளியது. அதற்குப் பின்வந்த லீப்-1ஏ 11 பங்கு தள்ளுகிறது, எரிபொருளும் சுமார் 15 விழுக்காடு மிச்சம்.

நிறையக் காற்றைத் தள்ளப் பெரிய விசிறி வேண்டும். சிக்கலும் அங்கேதான் தொடங்குகிறது. 81 அங்குல விசிறி நிமிடத்துக்கு 3,000 சுற்று சுற்றினாலே இறகு நுனியின் வேகம் நொடிக்கு 320 மீட்டரைத் தாண்டி, ஒலியின் வேகத்தை நெருங்கிவிடும். நுனி ஒலியின் வேகத்தை மீறினால் அதிர்வலைகள் கிளம்பிக் கரகரவென்று இரையும். விசிறியைச் சுழற்றும் டர்பைனோ வேகமாகச் சுற்றினால்தான் திறமையாக இயங்கும். பிராட் அண்ட் விட்னி நிறுவனம் இரண்டுக்கும் நடுவே ஏறக்குறைய மூன்றுக்கு ஒன்று விகிதத்தில் ஒரு கியர்பாக்ஸைப் பொருத்தியது. ஓசூர் சிப்காட்டில் பல்சக்கரம் அரைப்பவர்களுக்கு இதன் கஷ்டம் சொல்லாமலே புரியும். 20,000 கிலோவாட் கடந்துபோகும் பெட்டியில் அரை விழுக்காடு வீணானாலும் 100 கிலோவாட் வெப்பம். அத்தனையையும் எண்ணெய்தான் சுமந்து வெளியேற்ற வேண்டும்.

இவ்வளவு உழைப்பும் பெரும்பாலும் பலன் தருவது விமானம் புறப்படும்போது. இறங்கும்போது எஞ்சின் ஏற்கெனவே அடங்கித்தான் ஓடுகிறது. அப்போது சக்கரக் கால்கள், விரித்த இறக்கை மடல்கள் ஆகியவற்றில் காற்று மோதும் இரைச்சல் எஞ்சினுக்கு இணையாகக் கேட்கும். ஏர்பஸ் ஏ320 ரகத்தில் இறக்கையின் அடியில், எரிபொருள் தொட்டியின் அழுத்தத்தைச் சமன்செய்யும் வட்டத் துளைகள் உண்டு. பாட்டில் வாயில் ஊதினாற்போல அவை விசிலடிக்கும். ஜெர்மனியின் லுஃப்தான்சா விமான நிறுவனம் 2014 முதல் துளைகளுக்கு முன்னால் சிறு உலோகத் தகடு பொருத்தி அந்த விசிலை அடக்கியது. எஞ்சினை மாற்றி அதைத் தீர்த்திருக்க முடியாது. விமானத்தின் உயரத்தையும் எஞ்சினால் மாற்ற முடியாது. இறங்கும் சரிவு வழக்கமாக 3 பாகை என்பதால், ஓடுபாதை முனையிலிருந்து 6 கி.மீ. தள்ளியுள்ள ஊரின் மேல் எந்த விமானமும் ஏறக்குறைய 330 மீட்டர் உயரத்தில்தான் கடக்கும்.

விமானங்களுக்கான பன்னாட்டுச் சான்றிதழில் மூன்று இடங்களில் ஒலியை அளக்கிறார்கள்: ஓடுபாதையின் பக்கவாட்டில் 450 மீட்டரில், புறப்படும் ஓட்டம் தொடங்கும் இடத்திலிருந்து 6.5 கி.மீ.யில், இறங்கும் முனைக்கு 2 கி.மீ. முன்னால். விளம்பரங்களில் வரும் எண் பெரும்பாலும் இம்மூன்று இடங்களிலும் அனுமதித்த வரம்பைவிட ஒலி எவ்வளவு குறைவு என்பதைக் கூட்டிச் சொல்வது. அதில் இறங்கும் பக்கத்தின் பங்கு எவ்வளவு என்று தனியே கேட்டு வாங்க வேண்டும்.

ஓசூருக்கென்று இன்னொரு கணக்கும் இருக்கிறது. கடல் மட்டத்திலிருந்து சுமார் 900 மீட்டர் உயரத்தில் காற்றின் அடர்த்தி 8 விழுக்காடு குறைவு. எஞ்சினின் உந்துவிசையும் இறக்கையின் தூக்கும் திறனும் குறைவதால், நிறை பாரத்தோடு கிளம்பும் விமானம் நீண்ட தூரம் ஓடி மெல்லத்தான் ஏறும். கோடை மதியத்தில் இன்னும் மெதுவாக ஏறும். கடலோர விமான நிலையத்தில் வரைந்த ஒலி வரைபடம் இங்கே செல்லாது.

எல்லாமே புது எஞ்சின்களாக இருக்கும் என்று நம்பித் திட்டம் போடுவதும் தவறு. கியர் எஞ்சின்களில் உலோகத்தூளிலிருந்து செய்த வட்டுகளில் மாசு கலந்திருந்தது 2023-இல் வெளியானது. சோதனைக்காக எஞ்சின்களைக் கழற்ற வேண்டி வந்ததில் இண்டிகோவின் பல விமானங்கள் தரையில் நின்றன. அந்த இடைவெளியை நிரப்பப் பழைய ரக விமானங்கள் குத்தகைக்கு வந்தன. சரக்கு விமானங்களிலும் பல, பயணிகள் சேவையில் வயதான பின் மாற்றிக் கட்டியவை. அவை பெரும்பாலும் இரவில்தான் பறக்கும். தொழிற்சாலைகளும் மலர்ச் சாகுபடியும் நிறைந்த ஓசூருக்கு அவை வராமல் இருக்காது.

எனவே ஓடுபாதையின் திசையை முடிவு செய்யும் முன்பே, பழைய விமானங்களையும் இரவுச் சரக்குச் சேவையையும் சேர்த்துக் கணித்த ஒலி வரைபடத்தை அரசு வெளியிட வேண்டும். 24 மணி நேரச் சராசரி மட்டும் போதாது, சராசரியில் நள்ளிரவு விமானம் கரைந்துபோகும். ஓர் இரவில் எத்தனை முறை, எத்தனை டெசிபல் என்பதும் அதில் இருக்க வேண்டும். ஓடுபாதையின் இரு முனைக்கும் நேராக உள்ள நிலங்களில் மனைப்பிரிவுகளுக்கும் பள்ளி, மருத்துவமனைக் கட்டடங்களுக்கும் புதிதாக அனுமதி தருவதை அதுவரை நிறுத்திவைக்க வேண்டும். வரைபடத்தைத் தமிழில், சர்வே எண்களோடு, அந்தந்த ஊர்க் கிராம சபையில் வைத்து விளக்க வேண்டும்.

இப்படிக்கு,
விமான எஞ்சின் துறைப் பொறியாளர்கள் சிலர்,
ஓசூர், கிருஷ்ணகிரி மாவட்டம்.