விதி மேல் பழி போடும் விமர்சகருக்கு

மதிப்பிற்குரிய ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். சென்ற இதழில் 'ரோமியோ ஜூலியட்' நாடக விமர்சனம் படித்தேன். உதிரிப் பாத்திரங்களைக் கத்தரித்ததில் நஷ்டம் ஒன்றுமில்லையாம், காதலர்களைக் கொல்வது விதிதானாம். எழுதியவர் மூல நாடகத்தைப் படித்திருப்பார் என்றே மரியாதைக்கு நம்புகிறேன்.

தங்களுக்குத் தெரியாததல்ல. ரோமியோ, ஜூலியட்டின் குடும்பமான கபுலெட் வீட்டு விருந்துக்குப் போனதே, எழுதப் படிக்கத் தெரியாத ஒரு வேலைக்காரனால்தான். அழைப்புப் பட்டியலைப் படித்துச் சொல்லும்படி தெருவில் அவன் நீட்டியது எதிரியான மாண்டேக் வீட்டுப் பிள்ளை ரோமியோவிடம். போதாக்குறைக்கு, "மாண்டேக் வீட்டார் இல்லையென்றால் நீங்களும் வாருங்கள்" என்று உபசாரம் வேறு!

அப்புறம் துறவி ஜான். ஜூலியட் சாகவில்லை, மருந்து மயக்கத்தில் இருக்கிறாள் என்று, அந்த மருந்தைக் கொடுத்த துறவி லாரன்ஸ் ரோமியோவுக்கு எழுதிய கடிதம் இவர் கையில்தான் இருந்தது. ஊரைவிட்டு விலக்கப்பட்ட ரோமியோ இருந்த மாண்டுவா நகருக்கு வழித்துணையாக இன்னொரு துறவியைத் தேடிப் போகிறார். அவரோ நோயாளிகளைப் பார்த்துக்கொண்டிருக்கிறார். கொள்ளைநோய் கண்ட வீட்டில் இருந்தவர்கள் என்று சந்தேகப்பட்டு, ஊர்ச் சோதனைக்காரர்கள் இருவரையும் உள்ளே வைத்துக் கதவை அடைத்துவிடுகிறார்கள். கடிதத்தைத் திருப்பி அனுப்பக்கூட ஆள் கிடைக்கவில்லை, தொற்றுக்கு அவ்வளவு பயம். ஐந்தாம் அங்கம், இரண்டாம் காட்சி. மொத்தமே ஏறக்குறைய 30 வரி. அதற்குள் ரோமியோவின் வேலையாள் பால்தசார், ஜூலியட்டைக் கல்லறையில் வைத்ததைக் கண்ணால் பார்த்துவிட்டு, மாண்டுவாவுக்கு விரைந்து போய் அவள் இறந்துவிட்டாள் என்று சொல்லிவிட்டான். விசுவாசமான பையன், பாவம்.

விஷம் விற்றால் மரண தண்டனை என்று தெரிந்தும் 40 டக்கட் பொற்காசுக்கு ரோமியோவிடம் விற்ற மருந்துக்காரனும் உதிரிதானா? "சம்மதிப்பது என் வறுமை, என் மனமல்ல" என்கிறானே! கடைசியில், ஜூலியட்டை மணக்கவிருந்த பாரிஸின் ஏவல் சிறுவன் கல்லறைக்குக் காவலரைக் கூட்டிவருகிறான். அந்தச் சத்தத்துக்குப் பயந்து லாரன்ஸ் ஓடுகிறார். அதே சத்தம் நெருங்கவும் ஜூலியட் அவசரமாகக் குறுவாளை எடுக்கிறாள். இத்தனை பேர் கைபட்ட சாவுக்கு 'விதி' என்று எழுதிவிட்டால் விமர்சகருக்கு வேலை மிச்சம்.

நான் துறவி ஜானாக நடித்தவன். ஒருநாள் நேரமாகிவிட்டதென்று இயக்குநர் என் காட்சியைத் தூக்கிவிட்டார். முடிவில் லாரன்ஸ் சொல்லும் விளக்கமும் வெட்டுப்பட்டது. திரை விழுந்ததும், மேடையேறாத அங்கியோடு நின்ற என்னிடமே ஒருவர் வந்து, "அந்தக் கடிதம் என்னங்க ஆச்சு?" என்று கேட்டார். நஷ்டம் ஒன்றுமில்லை என்பவர் அவருக்குப் பதில் சொல்லட்டும்.

அந்த நாடகத்துக்கு உங்கள் இதழ் போட்ட படத்தில் என் இடது தோள் மட்டும் வந்திருந்தது. கீழே 'மற்றும் பலர்' என்று அச்சிட்டிருந்தீர்கள். அதைக் குறித்து எழுதிய கடிதத்தையும் பாதியாக்கித்தான் வெளியிட்டீர்கள், அதிலும் நன்றி சொன்ன பாதியை. நடிகையின் நாய்க்குட்டிக்கு முழுப் பக்கம், நாடகத்துக்குக் கால் பக்கம் என்பதும் தங்கள் கொள்கை. நான் குறுக்கே நிற்கவில்லை.

கேட்பது ஒன்றுதான்: இனி நாடக விமர்சனம் வெளியிடும்போது, சின்ன வேடக்காரர்கள் உட்பட நடித்த எல்லோர் பெயரையும் போடுங்கள். சின்ன எழுத்தில் இருந்தாலும் போதும்.

இப்படிக்கு,
தங்கள் நெடுநாள் சந்தாதாரர்