வெள்ளி அடைப்பில் பாதி பாதரசம்

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். சென்ற வாரம் நல்வாழ்வுப் பக்கத்தில், குழந்தைகளின் பல் சொத்தை பற்றி, 'பால் பல் எப்படியும் விழப்போவதுதானே, வெள்ளி அடைப்பே போதும்' என்று ஒரு வரி. என் பல்லும்தான் எப்படியும் விழப்போகிறது. 68 வயதில் அதற்கு இன்னும் காசு அழுதுகொண்டிருக்கிறேன்.

பெயர்தான் வெள்ளி. வெள்ளி அடைப்புக்கு வைக்கிற அமால்கம் என்ற கலவையில் ஏறத்தாழப் பாதி எடை பாதரசம் என்பது உங்களுக்குத் தெரியாததா? பாதரசத்தைக் கட்டுப்படுத்தும் பன்னாட்டு ஒப்பந்தமான மினமாட்டா உடன்படிக்கையை இந்தியா 2018-இல் ஏற்றது. 2022-இல் அதில் செய்த திருத்தம் பால் பற்களுக்கும், 15 வயதுக்கு உட்பட்ட பிள்ளைகளுக்கும், கர்ப்பிணி, பாலூட்டும் தாய்மாருக்கும் அமால்கம் வேண்டாம் என்கிறது. மருத்துவர் அவசியம் என்று கருதினால் மட்டுமே விலக்கு. தெர்மாமீட்டர் உடைந்தால் பிள்ளைகளை விரட்டிய வீடுகள்தானே நம்முடையவை!

என் பேத்திக்கு ஆறு வயதில் கடைவாய்ப் பால் பல் சொத்தை. மஞ்சக்குப்பத்தில் ஒரு கிளினிக்கில் அடைத்தோம். என்ன வைத்தீர்கள் என்று கேட்டேன். "ஃபில்லிங் சார்" என்றார்கள். ரசீதிலும் அதேதான். மூன்றே மாதத்தில் கழன்றது. அப்புறம் பஸ் பிடித்துப் புதுச்சேரி போனோம். அங்கே டாக்டரம்மா பொறுமையாகச் சொன்னார்: நாம் சிமெண்ட் என்கிற கிளாஸ் அயனோமர் பல்லோடு தானே ஒட்டும், புளோரைடும் விடும், ஆனால் சீக்கிரம் தேயும். பல் நிறத்தில் வைக்கிற பிசினான கம்போசிட் உறுதியானது, ஆனால் வைக்கும்போது ஈரம் பட்டால் ஆகாது. (அழுகிற பிள்ளை வாயில் ஈரமில்லாமல் இருக்குமா?) சொத்தை பெரிதாக இருந்தால் ஸ்டீல் கேப். அந்தப் பல் பத்துப் பதினோரு வயது வரை நிற்க வேண்டுமாம். முன்கூட்டியே போனால் அதன் பின்பக்கம் முளைக்கும் நிரந்தரப் பல் முன்னே சாய்ந்து, அடியில் இருக்கிற பல்லுக்கு இடமில்லாமல் செய்துவிடும். இவ்வளவும் சொல்ல அவருக்கு ஐந்து நிமிடம். உங்களுக்கு அரைப் பக்கம் போதவில்லை. மீதி அரைப் பக்கம் பற்பசை விளம்பரத்துக்குப் போய்விட்டது, சரி.

போன வருஷம் பள்ளி வாசல் கலர் ஐஸ் பற்றி நான் எழுதிய கடிதத்தில் முக்கால்வாசியை வெட்டினீர்கள். எங்கள் ஊர் திருப்பாதிரிப்புலியூரைத் 'திருப்பாதிரிபுரம்' ஆக்கினீர்கள். கல்லோடு கட்டிப் போட்டும் அப்பர் கரையேறிய ஊர் ஐயா, உங்கள் அச்சில் மூழ்கிவிட்டது. தொலைபேசியில் சொன்னேன், 'பார்க்கிறோம்' என்றார்கள். இன்னும் பார்த்துக்கொண்டிருக்கிறார்கள் போல.

அடுத்த இதழில் ஒரு மூலையிலாவது திருத்தம் போடுங்கள். பல் மருத்துவர்கள் ரசீதில் 'ஃபில்லிங்' என்று மட்டும் எழுதாமல், எதை வைத்தார்கள் என்று எழுதும்படி ஒரு வரி சேர்த்தால் உபகாரம். இதையும் வெட்டுவதானால் ஊர்ப் பெயரை மட்டும் விட்டுவிடுங்கள்.

இப்படிக்கு,
பழைய சந்தாதாரர் ஒருவர்,
திருப்பாதிரிப்புலியூர், கடலூர்.