முக்குளிப்பு டார்ச்சுக்கு யாரிடம் ஒப்புதல் கேட்பது?

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். ஸ்கூபா எனப்படும் ஆழ்கடல் முக்குளிப்பைப் பல ஆண்டுகளாகப் பொழுதுபோக்காகக் கொண்டிருப்பவன் நான். சென்னையிலிருந்து போர்ட் பிளேருக்கு (2024இல் இதன் பெயர் ஸ்ரீ விஜயபுரம் என்று மாற்றப்பட்டது) விமானத்தில் இரண்டேகால் மணி நேரப் பயணம்தான். அங்கிருந்து படகேறினால் ஹேவ்லாக், அதாவது இன்றைய சுவராஜ் தீவு. தமிழகத்திலிருந்து முக்குளிக்கச் செல்பவர்களுக்கு இதுவே பழகிய வழி. வாடகைக் கருவிகள் அங்கே கிடைக்கும் என்றாலும், அளவு பொருந்திய முகமூடியும் சிலிண்டரிலிருந்து மூச்சுக்காற்றைச் சீராக்கித் தரும், தானே பராமரித்த ரெகுலேட்டரும் கொடுக்கும் நம்பிக்கையை வாடகைப் பொருள் தராது என்பதால், சில முறை இறங்கிப் பழகியவர்கள் சொந்தக் கருவிகளைச் சேர்க்கத் தொடங்கிவிடுவார்கள். அவற்றோடு விமானம் ஏறும்போது நேரும் குழப்பத்தைப் பற்றி, அதிலும் குறிப்பாக ஒரு டார்ச் விளக்கைப் பற்றி, எழுதவே இக்கடிதம்.

சில காலத்துக்கு முன் ஒரு விமான நிலையத்தில் பெட்டியைப் பதிவு செய்யும் முகப்பில் இருந்தவர், பேட்டரி உள்ள டார்ச் எதுவும் பதிவுப் பெட்டியில் போகக் கூடாது, கையில் எடுத்துச் செல்லுங்கள் என்றார். எடுத்துக்கொண்டு பாதுகாப்புச் சோதனைக்குப் போனேன். அங்கிருந்தவர் அந்தக் கனத்த அலுமினிய உருளையைக் கையில் எடுத்து எடைபோட்டுப் பார்த்துவிட்டு, இதைக் கேபினுக்குள் அனுமதிக்க இயலாது, பெட்டியில் போட்டு அனுப்புங்கள் என்றார். திரும்பி வந்தபோது முகப்பு மூடப்பட்டிருந்தது. கடைசியில் பேட்டரிகள் மட்டும் என்னோடு பறந்தன, டார்ச் சோதனை மேசையிலேயே தங்கிவிட்டது. அன்று இருவரும் மரியாதையாகத்தான் நடந்துகொண்டார்கள். இருவர் சொன்னதிலும் பாதி நியாயம் இருந்தது என்பதுதான் இதில் வேடிக்கை.

முக்குளிப்பு டார்ச் வீட்டில் வைத்திருக்கும் கைவிளக்கைப் போன்றது அன்று. கடலுக்கடியில் நாலாபுறமும் சூழ்ந்திருக்கும் நீரே அதன் வெப்பத்தை உடனுக்குடன் வாங்கிக்கொள்ளும் என்ற கணக்கில்தான் அதன் ஒளித்திறன் வடிவமைக்கப்படுகிறது. அதே விளக்கு, துணிகளுக்கு நடுவே, காற்றோட்டமில்லாத ஒரு பெட்டிக்குள் தற்செயலாக எரியத் தொடங்கினால் வெப்பம் வெளியேற வழியில்லாமல் சுற்றியிருப்பதைப் பொசுக்கிவிடக் கூடும். தடித்த கையுறையோடும் இயக்க வேண்டும் என்பதற்காக இவ்விளக்குகளின் பொத்தான் எளிதில் நகரும்படி இருப்பதால், பெட்டி குலுங்கும்போது அது தானாக நகர்வதும் நடக்கக் கூடியதே. இதனால்தான் பன்னாட்டு விமானப் போக்குவரத்து விதிகள், தீவிர வெப்பத்தை உண்டாக்கக் கூடிய பேட்டரிக் கருவிகள் என்ற பிரிவில் நீரடி விளக்குகளைப் பெயர் சொல்லியே குறிப்பிடுகின்றன. அவ்விதியின்படி இவற்றைக் கைப்பையிலோ பதிவுப் பெட்டியிலோ எடுத்துச் செல்லலாம். ஆனால் விமான நிறுவனத்தின் ஒப்புதல் வேண்டும். வெப்பம் தரும் பகுதியையோ பேட்டரியையோ பிரித்து வைத்து, விளக்கு எரியவே வழியில்லாமல் செய்திருக்க வேண்டும்.

அந்த ஒப்புதலை எப்படிப் பெறுவது? நான் மூன்று முறை வாடிக்கையாளர் சேவை எண்ணை அழைத்துக் கேட்டிருக்கிறேன். ஒரு முறை, விளையாட்டுக் கருவி என்று பதிவு செய்யுங்கள் என்ற பதில் வந்தது. இன்னொரு முறை, விமான நிலையத்தில் கேட்டுக்கொள்ளுங்கள் என்றார்கள். மூன்றாம் முறை பேசியவர் நான் டார்ச் என்று சொன்னதைச் சரியாகக் காதில் வாங்காமல், தீப்பந்தத்துக்கு அனுமதி இல்லை என்று சொல்லி அழைப்பைத் துண்டித்தார். ஒப்புதல் கட்டாயம் என்று விதி சொல்லும்போது, அதைக் கொடுக்கும் இடம் எது என்று பயணிக்குத் தெரிந்திருக்க வேண்டாமா?

பேட்டரியைப் பொறுத்தவரை விதி தெளிவாகவே இருக்கிறது. கருவியிலிருந்து கழற்றிய லித்தியம் பேட்டரி உதிரி பேட்டரியாகவே கருதப்படும். அது கைப்பையில்தான் போக வேண்டும், பதிவுப் பெட்டியில் ஒருபோதும் கூடாது. கேபினில் ஒரு பேட்டரி புகைந்தால் பணியாளர்கள் கண்டுபிடித்து நீரூற்றி அடக்கிவிடலாம். கீழே சரக்கறையில் புகைந்தால் யாரும் எட்ட முடியாது, அங்குள்ள தீயணைப்பு வாயுவும் லித்தியம் செல்லின் உள்ளிருந்தே பெருகும் வெப்பத்தைத் தணிக்கப் போதாது. 2010 செப்டம்பரில் துபாயில் ஒரு சரக்கு விமானம் நடுவானில் தீப்பற்றி விழுந்து விமானிகள் இருவரும் உயிரிழந்தபோது, அதன் சரக்கில் லித்தியம் பேட்டரிகள் பெருமளவில் இருந்தன. எனவே இந்த விதியை யாரும் தொல்லை என்று எண்ணலாகாது. பேட்டரியின் மேல் அச்சிட்டிருக்கும் வோல்ட்டை ஆம்பியர்-மணியால் பெருக்கினால் வாட்-மணி கிடைக்கும். அது 100க்குள் இருந்தால் தனி அனுமதி வேண்டியதில்லை, 100 முதல் 160 வரை விமான நிறுவனத்தின் ஒப்புதலோடு இரண்டு மட்டும் கொண்டு செல்லலாம். பெரும்பாலான முக்குளிப்பு டார்ச்சுகளில் இருக்கும் 3.7 வோல்ட், 5 ஆம்பியர்-மணி செல் ஒன்றின் அளவு வெறும் 18.5 வாட்-மணி. முனைகள் ஒன்றையொன்று தொடாதபடி தனித்தனி பிளாஸ்டிக் உறையில் வைத்தால் போதும். ஆகவே இங்கே சிக்கல் பேட்டரியில் இல்லை, விளக்கில்தான்.

முகப்பில் எப்போதும் கேட்கப்படும் முதல் கேள்வி, சிலிண்டர் இருக்கிறதா என்பதே. அந்த அச்சம் முறையானதே. நிரப்பிய காற்றுச் சிலிண்டரில் சுமார் 200 பார் (நம்மைச் சுற்றியுள்ள காற்றின் அழுத்தத்தைப் போல ஏறத்தாழ 200 மடங்கு) அழுத்தம் இருக்கும், அதை எந்தப் பயணிகள் விமானமும் ஏற்காது. காலியாக இருந்தாலும், வால்வு மூடியிருக்கும்வரை அது காலிதான் என்று வெளியிலிருந்து பார்த்து யாராலும் சொல்ல முடியாது. அமெரிக்க விமானப் பாதுகாப்புத் துறை, வால்வை முழுவதுமாகக் கழற்றி, உள்ளே கண்ணால் பார்க்கும்படி வாய் திறந்திருந்தால்தான் சிலிண்டரை அனுமதிக்கிறது. அனுபவமுள்ள எவரும் சுமார் 14 கிலோ கனக்கும் அலுமினியச் சிலிண்டரை ஊரிலிருந்து தூக்கிச் செல்வதில்லை. போகுமிடத்தில் வாடகைக்கு எடுத்துக்கொள்வார்கள். ஆனால் இணையத்தில் அரை லிட்டர் கொள்ளளவுள்ள குட்டிச் சிலிண்டர்களை வாங்கி, தண்ணீர்ப் புட்டியைப் போலப் பைக்குள் செருகிக்கொண்டு வரும் புதியவர்களை நானே பார்த்திருக்கிறேன். அளவு சிறியது என்பதால் அழுத்தம் குறைந்துவிடாது.

மற்ற கருவிகளில் இவ்வளவு வில்லங்கம் இல்லை. முக்குளிப்புக் கத்தி பதிவுப் பெட்டியில்தான் போக வேண்டும். நூலறுக்கும் சிறு வெட்டியையும் அதோடு சேர்ப்பதே நல்லது. ரெகுலேட்டர் உலோகமும் ரப்பர்க் குழாய்களுமாக எக்ஸ்ரே திரையில் விநோதமாகத் தெரியும். ஆனாலும் உயிர்மூச்சு தரும் கருவி என்பதால் அதைக் கைப்பையில், எளிதில் எடுத்துக் காட்டும்படி மேலாக வைப்பேன். கடலில் மூழ்குவதற்கான ஈயக் கட்டிகளை இங்கிருந்து சுமந்து செல்வது வீண். ஈயத்தை எக்ஸ்ரே ஊடுருவாது என்பதால், பெட்டியைத் திறந்து காட்ட வேண்டியும் வரும். தூத்துக்குடியில் கல்லின் கனத்தால் கீழிறங்கி முத்துக்குளித்தவர்கள்கூட அந்தக் கல்லைக் கயிற்றில் கட்டிப் படகிலேயே வைத்திருந்தார்கள், வீட்டுக்குத் தூக்கிச் செல்லவில்லை.

எடையைப் பற்றியும் ஒரு வார்த்தை. உள்நாட்டுப் பயணத்தில் பெரும்பாலான நிறுவனங்கள் தருவது பதிவுப் பெட்டிக்கு 15 கிலோவும் கைப்பைக்கு 7 கிலோவுமே. மிதவை மேலங்கி, காலில் அணியும் துடுப்புகள், ரப்பர் உடை, ரெகுலேட்டர் எல்லாம் சேர்ந்தாலே பத்து கிலோவைத் தாண்டும். போகும்போது அளவுக்குள் அடங்கும் பெட்டி, திரும்பும்போது உப்புநீரில் ஊறிய உடையால் கனத்துக் கூடுதல் கட்டணத்தில் கொண்டுபோய் நிறுத்தும். இதற்கு நான் கண்ட வழி, கடைசி முக்குளிப்புக்கும் விமானத்துக்கும் இடையே ஒரு முழு நாளை விடுவது. அது கருவிகள் உலர்வதற்காக மட்டும் அன்று. முக்குளிப்பவரின் உடல் திசுக்களில் கரைந்திருக்கும் நைட்ரஜன், காற்றழுத்தம் குறைந்த விமானக் கேபினில் குமிழ்களாகப் பிரிந்தால் மூட்டுவலி முதல் பக்கவாதம் வரை நேரலாம். முக்குளிப்பவர்களின் நலனுக்காக இயங்கும் டான் அமைப்பின் வழிகாட்டுதல், ஒரே ஒரு முறை இறங்கியிருந்தால் குறைந்தது 12 மணி நேரமும், பல முறையோ பல நாள்களோ இறங்கியிருந்தால் குறைந்தது 18 மணி நேரமும் காத்திருந்த பின்னரே பறக்கச் சொல்கிறது. டார்ச்சைப் பற்றி இத்தனை பேர் விசாரிக்கும் விமான நிலையத்தில், கடைசியாக எப்போது கடலில் இறங்கினீர்கள் என்று இதுவரை என்னை ஒருவரும் கேட்டதில்லை.

விமான நிறுவனங்களிடம் நான் கேட்பது பெரிதாக ஒன்றுமில்லை. பயணச்சீட்டு பதிவு செய்யும் பக்கத்தில் சக்கர நாற்காலிக்கும் கூடுதல் எடைக்கும் இடம் இருப்பதைப் போல, நீரடி விளக்கு என்று ஒரு கட்டத்தையும் சேர்க்கலாம். அதில் குறியிட்டவருக்கு, பேட்டரியைக் கழற்றி எப்படிப் பொதிய வேண்டும் என்ற அறிவுறுத்தலோடு ஒப்புதலும் மின்னஞ்சலில் வந்துசேர வேண்டும். அந்தத் தாளையே முகப்பிலும் பாதுகாப்புச் சோதனையிலும் இருப்பவர்கள் ஏற்றுக்கொள்ளும்படி இரு தரப்பும் தங்களுக்குள் பேசி முடிவு செய்துகொள்ளட்டும். சென்னையிலிருந்து புறப்படும் பயணிகளுக்கு இந்த அறிவுறுத்தல் தமிழிலும் இருக்க வேண்டும்.

மேசையில் விட்டுவந்த டார்ச்சுக்குப் பதிலாகப் புதிதாக ஒன்று வாங்கிவிட்டேன். வரும் ஜனவரியில் மீண்டும் அந்தமான் செல்லவிருக்கிறேன். அதற்குள் ஏதேனும் ஒரு விமான நிறுவனமாவது, ஒப்புதலுக்கு விண்ணப்பிக்க வேண்டிய முகவரியைத் தங்கள் நாளிதழ் வழியாகவேனும் தெரிவித்தால் நன்றியுடையவனாக இருப்பேன்.

இப்படிக்கு,
தங்கள் வாசகன்,
சென்னை.