கேமராவுக்காக மீண்டும் புதைத்த ஓடு

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். கீழடிக்குப் பிறகு மதுரையைச் சுற்றி எங்கே அகழாய்வு தொடங்கினாலும் தொலைக்காட்சி வண்டி வந்து நிற்பது வழக்கமாகிவிட்டது. அந்த ஆர்வத்தை நான் குறை சொல்லவில்லை. 2023 மார்ச்சில் கீழடி அருங்காட்சியகம் திறக்கப்பட்டபோது எங்கள் தெருவிலிருந்தே வேன் பிடித்துப் போனார்கள். ஆனால், வைகைக் கரையோர ஊர் ஒன்றில் ஒரு பருவம் முழுவதும் அகழாய்வுக் குழியில் தினக்கூலிக்கு வேலை பார்த்தவன் என்ற முறையில், அங்கே படப்பிடிப்பு நடந்த விதத்தைப் பற்றி எழுதாமல் இருக்க முடியவில்லை.

ஒரு நாள் காலை, எங்கள் குழியில் வேலை செய்த அம்மா ஒருவர் கறுப்பு சிவப்புப் பானையின் வாய் விளிம்பு ஒன்றைக் கண்டதும், களைக்கொத்தைக் கீழே வைத்துவிட்டு மேற்பார்வையாளரைக் கூப்பிட்டார். ஆழத்தை அளந்து, படம் எடுத்து, சீட்டு எழுதிப் பையில் போட்டு முடித்த பிறகுதான் ஒரு தொலைக்காட்சிக் குழுவினர் வந்து சேர்ந்தார்கள். அந்தப் பானை ஓட்டுத் துண்டை அதே இடத்தில் மறுபடியும் மண்ணுக்குள் வைத்து, அப்போதுதான் கிடைப்பதுபோல் எடுத்துக் காட்ட வேண்டும் என்றார்கள். அதையும் கண்டெடுத்த அம்மா செய்ய வேண்டாமாம். பார்ப்பதற்குப் படித்தவர்போல் தெரிகிற இளைஞர் யாராவது எடுக்கட்டுமாம். மேற்பார்வையாளர் பக்கத்துக் குழிக்குப் போயிருந்தார். அந்த இளைஞன் நான்தான். கேமரா ஆசை யாரை விட்டது? மூன்று முறை புதைத்தேன், மூன்று முறை வியந்து எடுத்தேன்.

மூன்றாவது முறை விளிம்பிலிருந்து ஒரு சில்லு பெயர்ந்து மண்ணோடு கலந்துவிட்டது. நான் கிளறிய இடத்தில் மேலடுக்கு மண்ணும் கீழடுக்கு மண்ணும் ஒன்றாகிப்போயின. மறுநாள் அந்த இடத்தைச் சுரண்டியபோது, நிறம் மாறித் தெரிந்த மண்ணைப் பழங்காலத்தில் யாரோ வெட்டிய பள்ளமோ என்று எண்ணி மேற்பார்வையாளர் நெடுநேரம் குனிந்து பார்த்துக்கொண்டிருந்தார். உண்மையைச் சொன்னேன். அவர் திட்டவில்லை, அந்த இடம் கலைக்கப்பட்டது என்று குறிப்பேட்டில் எழுதிக்கொண்டார். திட்டியிருக்கலாம்.

இது சின்ன விஷயம் என்று நினைப்பவர்களுக்குக் கீழடியையே எடுத்துக்காட்டாகச் சொல்லலாம். அங்கே நான்காம் கட்ட அகழாய்வில் கிடைத்த கரித்துண்டு ஒன்று அமெரிக்க ஆய்வகத்துக்கு அனுப்பப்பட்டு, கி.மு. 580 எனக் காலம் கணிக்கப்பட்டதை 2019-இல் எல்லா ஊடகங்களும் கொண்டாடின. அந்தக் கரித்துண்டு 353 செ.மீ. ஆழத்தில் கிடைத்தது என்ற குறிப்பு இல்லாதிருந்தால், அது யார் வீட்டு அடுப்புக் கரியாகவும் இருந்திருக்கலாம். பானை ஓட்டில் ‘ஆதன்’ என்று எழுதியிருப்பதைக் கேமரா காட்டிவிடும். அது எந்த மண்ணடுக்கில், எவற்றோடு கிடந்தது என்பதையோ அன்று அளந்து எழுதிய குறிப்பிலிருந்துதான் தெரிந்துகொள்ள முடியும். எடுத்த பொருளைத் திரும்ப வைக்கலாம், அடுக்கைத் திரும்ப வைக்க முடியாது.

ஒளிபரப்பான நிகழ்ச்சியில் நானும் அந்த ஓடும் இருபது வினாடி வந்தோம். ஊரே கைதட்டியது, அந்த அம்மாவும் சிரித்துக்கொண்டே பார்த்தார். கடலை பிடுங்கியும் களை எடுத்தும் பழகிய அவர் கைக்கு, களைக்கொத்தின் முனை கல்லில் படுகிறதா ஓட்டில் படுகிறதா என்பது சத்தத்திலேயே தெரிந்துவிடும். வெட்டிய மண்ணைச் சல்லடையில் சலித்துப் பாசிமணி பொறுக்குவதும், குழிச் சுவரில் தண்ணீர் தெளித்து அடுக்குகளின் நிற வேறுபாட்டைப் பிரித்துப் பார்ப்பதும், கழுவிய ஓடுகளைக் காயவைத்து ஒவ்வொன்றிலும் குழி எண்ணும் ஆழமும் எழுதுவதும் நிகழ்ச்சியில் இல்லை. ஒரு நாளில் பெரும்பகுதி இந்த வேலைகளில்தான் கழிகிறது. எனக்கும் முதல் வாரம் அலுப்பாகத்தான் இருந்தது.

ஆகவே, படம் பிடிக்க வரும் குழுவினருக்கு அனுமதி வழங்கும்போதே, பதிவு செய்து எடுத்த எந்தப் பொருளையும் படப்பிடிப்புக்காக மீண்டும் குழியில் வைக்கக் கூடாது என்றும், மேற்பார்வையாளர் இல்லாத நேரத்தில் குழிக்குள் இறங்கக் கூடாது என்றும் எழுத்தில் நிபந்தனை விதிக்க வேண்டும் எனக் கேட்டுக்கொள்கிறேன். நல்ல காட்சி வேண்டுவோர் பத்து மணிக்கு வராமல் வெயில் குழிக்குள் இறங்குமுன் வரட்டும். சுவரில் நிழல் விழாத அந்த நேரத்தில்தான் குழியைப் பெருக்கி, அளவுகோல் வைத்து, நாங்களும் படம் எடுப்போம்.

இப்படிக்கு,
வாசகர் ஒருவர்,
விரகனூர், மதுரை.