திரையின் அடியில் தமிழும் சிங்களமும் ஓடட்டும்

கொழும்பில் குறும்பட விழாக்களை நடத்தும் நண்பர்களுக்கு,

வணக்கம். உங்கள் திரையிடல்களுக்குப் பார்வையாளனாக வந்து, பின்னர் வாசலில் நின்று உதவும் தொண்டர்களில் ஒருவனானவன் எழுதுகிறேன். மண்டப வாடகையைக் கைக்காசில் கட்டி, இரவல் வாங்கிய புரொஜெக்டரை ஓட்டி, ஹட்டனிலிருந்தும் திருகோணமலையிலிருந்தும் முதற்படத்தோடு வரும் பிள்ளைகளுக்குப் பெரிய திரை ஒன்றைத் தருகிறீர்கள். அந்த உழைப்பைப் பக்கத்தில் நின்று பார்த்த உரிமையில் ஒன்று கேட்கிறேன். சிங்களப் படங்களுக்குத் தமிழிலும், தமிழ்ப் படங்களுக்குச் சிங்களத்திலும் உபதலைப்பு இடுங்கள்.

இப்போது பெரும்பாலும் ஆங்கில உபதலைப்பு மட்டுமே ஓடுகிறது. வாசலில் நிற்பவனுக்குத் திரையைவிட மண்டபம் நன்றாகத் தெரியும். தமிழ்ப் படமொன்றில் பாட்டி ஒருத்தி குறும்பாக ஏதோ சொல்கிறாள். தமிழ் தெரிந்தவர்கள் உடனே சிரிக்கிறார்கள். ஆங்கிலத்தை விரைவாக வாசிப்பவர்கள் சற்றுப் பிந்திச் சிரிக்கிறார்கள். நடுவில் சில வரிசைகள் சிரிப்பதே இல்லை. பக்கத்தில் இருப்பவரின் முகத்தைப் பார்க்கின்றன. அடுத்துச் சிங்களப் படம் வரும்போது கொட்டாஞ்சேனையிலிருந்து வந்த தமிழ்க் குடும்பத்துக்கும் இதே நிலைதான். இடைவேளையில் அவர்கள் எழுந்து போகும்போது, இருந்து பாருங்கள் என்று சொல்ல எனக்கு வாய் வருவதில்லை.

கொழும்புத் தமிழருக்குச் சிங்களம் தெரியும்தானே என்று கேட்பவர்கள் உண்டு. புறக்கோட்டையில் விலை பேசவும் பஸ்ஸில் இறங்குமிடம் சொல்லவும் போதுமான சிங்களம் வேறு. அநுராதபுரத்து விவசாயி ஒருவர் மகனிடம் பாதி வாய்க்குள் முணுமுணுக்கும் சிங்களம் வேறு. குறும்படத்தில் பேச்சே குறைவு. அந்தக் கொஞ்சப் பேச்சில் ஒரு வரி தவறினாலும் படம் கையை விட்டுப் போய்விடும். ஆங்கிலமும் அப்படித்தான். கடிதம் வாசிக்கத் தெரிந்த எல்லோராலும், இரண்டு வினாடியில் மறைந்துவிடும் வரியைப் படித்துக்கொண்டே நடிப்பையும் பார்க்க முடியாது.

இந்நாட்டுச் சினிமா பிறந்தபோதே மொழி கடந்துதான் பிறந்தது. 1947இல் வெளியான முதல் சிங்களப் பேசும்படத்தைத் தயாரித்தவர் எஸ். எம். நாயகம் என்ற தமிழர். 1970களில் சிங்கள இயக்குநர் தர்மசேன பத்திராஜ யாழ்ப்பாணம் வந்து ‘பொன்மணி’யைத் தமிழில் எடுத்தார். 1987இன் 13ஆவது திருத்தத்துக்குப் பிறகு தமிழும் அரசகரும மொழி. அரச அலுவலகத்தில் தமிழில் ஒரு படிவம் இல்லையென்றால் நாம் கோபப்படுகிறோம். சரியான கோபம் அது. நம் கையிலேயே இருக்கும் சிறிய மண்டபத்தில் அந்த ஒழுங்கை நாமே கடைப்பிடிக்கலாமே.

செலவும் நேரமும்தான் தடை என்பீர்கள். செலவைப் பற்றி அதிகம் சொல்ல வேண்டியதில்லை: உபதலைப்புத் தயாரிக்கும் மென்பொருள்கள் இலவசமாகவே கிடைக்கின்றன. களனி, யாழ்ப்பாணப் பல்கலைக்கழகங்களில் மொழிபெயர்ப்புக் கற்கும் மாணவர்கள் இருக்கிறார்கள். தம் பெயர் திரையில் வரும் என்றால் அவர்களில் பலர் மகிழ்ந்து வருவார்கள் என்று நம்புகிறேன். நேரம்தான் உண்மையான சிக்கல். வசனம் மிகுந்த பதினைந்து நிமிடப் படத்துக்கு ஏறக்குறைய இருநூறு உபதலைப்புகள் வரலாம். ஒவ்வொன்றும் இரண்டு வரிக்குள் அடங்க வேண்டும். தமிழ்ச் சொற்கள் நீளமானவை என்பதால் சொன்னதையெல்லாம் எழுதாமல் சுருக்கத் தெரிந்த ஒருவர் வேண்டும். முதல் நாள் இரவு உட்கார்ந்து முடிக்கும் வேலை அல்ல இது. ஆனால் தணிக்கைச் சபைக்கு அனுப்புவதற்காகப் படங்களின் பிரதிகள் எப்படியும் முன்கூட்டியே உங்களிடம் வந்துவிடுகின்றன. அன்றே உபதலைப்பு இடப்போகும் எங்களுக்கும் ஒரு பிரதி தாருங்கள்.

தொழில்நுட்பத்தில் இரண்டு இடங்களில் கவனம் வேண்டும். ஒன்று எழுத்துரு. சில மென்பொருள்களில் ‘கொ’வின் கொம்பு இடம்மாறி, எழுத்துக்குப் பின்னால் போய் நிற்கும், பழைய எழுத்துருவில் தட்டச்சு செய்த கோப்பு வேறு கணினியில் வெறும் ஆங்கிலக் குறிகளாகச் சிதறும். எல்லாவற்றையும் எல்லாக் கணினிக்கும் பொதுவான யூனிகோடு குறிமுறையில் செய்து, திரையிடும் அதே கணினியில் முழுவதையும் ஓட்டிப் பார்க்க வேண்டும். மற்றது வேகம். வினாடிக்கு 24 பிரேமில், அதாவது 24 அசையாப் படங்களாக, எடுத்த படத்தை 25 பிரேமுக்கு வேகப்படுத்தி அனுப்புகிறவர்கள் உண்டு. பழைய நேரக் கணக்கிலேயே உபதலைப்பு ஓடினால், பதினைந்து நிமிடப் படத்தின் முடிவில் 36 வினாடி பிந்திவிடும். அழுகைக் காட்சியில் சமையலறைப் பேச்சு வந்து நிற்பதைப் போல் ஒரு படைப்பாளியைக் கூசவைப்பது வேறில்லை.

மூன்று மொழியையும் ஒரே சட்டகத்தில் அடுக்கச் சொல்லவில்லை. ஆறு வரி ஏறினால் ஒளிப்பதிவாளரின் உழைப்பு பாழாகும். உள்நாட்டு மொழியைப் படத்தின் மேல் பதியுங்கள். ஆங்கிலத்தைத் திரைக்குக் கீழே, இரண்டாவது புரொஜெக்டரில், தனிப் பட்டையாகக் காட்டலாம். ஒருவர் உட்கார்ந்து வரிவரியாக விசையை அழுத்தினால் போதும். அந்த நாற்காலியில் நான் உட்காரத் தயார்.

படம் முடிந்ததும் நடக்கும் உரையாடலையும் இதோடு சேர்த்துக்கொள்ளுங்கள். மட்டக்களப்பிலிருந்து வந்த தங்கை ஒருத்தி, தான் எடுத்த படத்தைப் பற்றி ஆங்கிலத்தில் கேட்ட கேள்விக்கு ஒற்றைச் சொற்களில் பதில் சொல்லிவிட்டு மேடையிலிருந்து இறங்கினாள். வெளியே தேநீர் மேசையருகே, அதே படத்தைப் பற்றித் தமிழில் அரை மணிநேரம் பேசினாள். பூட்டிக் கிடந்த வீட்டில் யார் கோலம் போட்டுவிட்டுப் போனார்கள் என்ற கதையை அவள் சொன்னபோது கேட்டுக்கொண்டிருந்தவர்கள் நாலைந்து பேர்தான். மேடையில் பக்கத்தில் ஒரு மொழிபெயர்ப்பாளர் நின்றிருந்தால் மண்டபமே கேட்டிருக்கும்.

அடுத்த விழாவுக்கான விண்ணப்பப் படிவம் தயாராகும்போது இரண்டு வரிகள் சேருங்கள்: படத்தோடு வசனப் பிரதியையும் அனுப்பவும்; எத்தனை பிரேமில் எடுத்தது என்பதைக் குறிப்பிடவும். வசனப் பிரதி கையில் கிடைத்தால் எங்கள் வேலை பாதியாகக் குறையும். முதல் ஆண்டில் எல்லாப் படங்களுக்கும் முடியாவிட்டால், போட்டிப் பிரிவோடு தொடங்குவோம். உபதலைப்புக் குழு அமைக்கும் கூட்டத்துக்கு நாள் குறித்து அறிவியுங்கள். வெள்ளவத்தையிலிருந்து வேலை முடிந்து வருவேன், சிங்களம் நன்றாக எழுதும் நண்பர் ஒருவரையும் அழைத்து வருகிறேன்.

அன்புடன்,
வாசலில் நிற்கும் தொண்டன்