மிதக்குற முட்டை எல்லாம் கெட்ட முட்டையா?

ஆசிரியருக்கு வணக்கம். தண்ணில மிதக்குற முட்டைய தூக்கிப் போடுங்கன்னு உங்க சமையல் பக்கத்துல போட்டிருந்தீங்க, அது பாதிதாங்க சரி. நாளாக ஆக ஓடு வழியா ஈரம் வெளிய போயி உள்ள காத்து சேருது, அதான் மிதக்குது, பழசுதான், ஆனா கெட்டுப்போச்சான்னு தனி கிண்ணத்துல உடைச்சு மோந்து பாத்தாதான் தெரியும். நான் ஒருவாட்டி நேரா கேக் மாவுலயே உடைச்சு ஊத்தி அரை கிலோ மைதா, வெண்ணெய் எல்லாம் போச்சு, வீடே நாறிடுச்சு!

கேக் பண்ண முட்டை இல்லன்னா ஒரு முட்டைக்குப் பதிலா கால் கப் தயிர், இல்ல 1 டேபிள்ஸ்பூன் ஆளிவிதைப் பொடிய 3 டேபிள்ஸ்பூன் தண்ணில 10 நிமிஷம் ஊறவச்சு சேக்கலாம். ஸ்பாஞ்ச் கேக்குக்கு மட்டும் இது ஆகாது, அதுக்கு முட்டை நுரைதான் உசுரு. அடுத்த வாரம் இதையும் போடுங்க.

இப்படிக்கு,
ஒரு வாசகி, திருச்சி